நாற்பத்தேழு பேரை நிறுத்திய மாப்பிள்ளை

மாப்பிள்ளைக்கு வேலை போகப் போகிறது என்பதை அவன் சொல்லி மாமியார் தெரிந்துகொள்ளவில்லை. அவன் சொல்லவும் மாட்டான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது என்பார்களே, அந்த ரகம். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு மனைவியிடம் கிசுகிசுத்தான். இருபத்தெட்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்த மாமியாரின் காது, இரண்டு சுவருக்கு அப்பால் இருந்தபடியே ஒரு சொல் சிந்தாமல் வாங்கிக்கொண்டது.

கூரையில் டிஷ் மாட்டி, மாதச் சந்தா வாங்கிக்கொண்டு டிவி காட்டும் கம்பெனியில் அவனுக்கு வேலை. டிஷ் மாட்டுவது அல்ல. "உங்க இணைப்பு வேணாம், நிறுத்திடுங்க" என்று போன் செய்பவர்களைப் பேசிப் பேசியே போகவிடாமல் பிடித்து வைப்பது. மாதத்துக்கு முப்பது பேரை நிறுத்தியாக வேண்டும். அவன் போன மாதம் நிறுத்தியது நாலு பேர். அதில் ஒருவர் ராங் நம்பர்.

யாராவது வேண்டாம் என்றால், "அப்படிங்களா சார், உங்க இஷ்டம், நல்லா இருங்க" என்று வாழ்த்தி அனுப்பிவிடுகிறவன் வேறு எத்தனை பேரை நிறுத்துவான்? இன்னும் ஒரு மாதம் இதே லட்சணம் என்றால் நாற்காலியைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

மாமியாருக்கு முதலில் கம்பெனி மேல் கோபம் வந்தது, பிறகு மாப்பிள்ளை மேல். இரண்டும் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து அவள் கிடந்தபோது, பதினான்கு நாள் லீவு போட்டுவிட்டு, அவளைத் தோளில் தாங்கி ஆஸ்பத்திரி நடையில் நடத்திப் பழக்கியவன் அவன்தான். பெற்ற மகளே "வலிக்கும்மா, நாளைக்கு நடக்கலாம்" என்று தப்பிக்கப் பார்த்தபோது, "இன்னும் நாலே எட்டு அத்தை" என்று பொய் சொல்லிச் சொல்லி நாற்பது எட்டு நடக்க வைத்தான். அவனை ஒரு கம்பெனி வேண்டாம் என்பதா? அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

மறுநாள் காலை அவன் வேலைக்குப் போனதும் அவளும் வேலைக்குக் கிளம்பினாள். அவளுடைய அலுவலகம் அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் மாடிப்படி. மொத்தம் நாற்பத்தேழு வீடு, தங்கள் வீட்டையும் சேர்த்து. அத்தனை வீட்டுக்கும் அதே கம்பெனி டிஷ்தான். ஒவ்வொரு கதவாகத் தட்டினாள்.

"போன் போட்டு இணைப்பு வேணாம்னு சொல்லுங்க. முன்னாடி பேசினவர்கிட்டப் பேசணும்னா அவர் நம்பரை அழுத்துன்னு குரல் வரும். பதினேழை அழுத்துங்க. மாப்பிள்ளை எடுப்பார். மூணு மாசம் இலவசம்னு சொல்வார். சரின்னுடுங்க. உங்களுக்கு மூணு மாசம் லாபம், அவருக்கு வேலை லாபம்."

"மாட்டேன்னு சொல்லிட்டு உடனே சரின்னா சந்தேகம் வராதா?" என்றார் நாலாவது மாடி பல் டாக்டர்.

"ஒரு தடவை பிகு பண்ணுங்க. ரெண்டாவது தடவை மசியுங்க. நீங்க பல்லைப் புடுங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் அதானே பண்றாங்க?"

ஒத்திகை பார்க்காமல் அவள் யாரையும் விடவில்லை. பல் டாக்டருக்குக் கோபம் கூடிப்போயிற்று, குறைத்தாள். மூன்றாவது மாடிப் பாட்டு டீச்சர் இணைப்பை விட்டுப் பிரியும் சோகத்தில் நிஜமாகவே அழுதுவிட்டாள், கண்ணைத் துடைத்துவிட்டாள். பேசக் கூச்சப்பட்ட பதினோரு பேருக்காக அவளே பதினோரு குரலில் பேசினாள். எக்ஸ்சேஞ்சில் கேட்காத குரலா? கடைசியாகத் தன் வீட்டு இணைப்புக்கு, அது அவள் பேரில்தான் இருந்தது, தன் சொந்தக் குரலிலேயே போன் செய்தாள்.

"வணக்கம் மேடம். நீங்க எங்களை விட்டுப் போற காரணத்தைத் தெரிஞ்சுக்கலாமா?" என்றான் மாப்பிள்ளை, ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லாமல்.

"வீட்ல யாரும் என்கூட உக்காந்து பாக்கறதில்லை."

"வருத்தமா இருக்கு மேடம். மூணு மாசம் இலவசமாத் தர்றோம். வீட்ல உள்ளவங்களையும் சாயங்காலம் உங்ககூட உக்காந்து பாக்கச் சொல்றோம்."

அன்று சாயங்காலம் அவன் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சீரியல் பார்த்தான். இருவரும் போனைப் பற்றி மூச்சு விடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் மாமியாரும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்ல.

அந்த மாதம் நாற்பத்தேழு பேர் போகிறேன் என்றார்கள், நாற்பத்தேழு பேரும் நின்றார்கள். கம்பெனிச் சுவரில் அவன் படத்தை மாட்டினார்கள். அவன் நடையிலேயே ஒரு நிமிர்வு வந்துவிட்டது. மாமியாருக்குப் பூரிப்புத் தாளவில்லை. கதை இத்துடன் நின்றிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கம்பெனிகளுக்கு மேல்மாடி என்று ஒன்று இருக்கிறது. அங்கே படம் பார்ப்பவர்கள் இல்லை, வரைபடம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஒரே கட்டடத்தில், ஒரே மாதத்தில், நாற்பத்தேழு பேர் போகப் பார்த்திருக்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? எதிரி உள்ளே புகுந்துவிட்டான் என்று அர்த்தம். இப்படி முடிவு கட்டி, அந்தத் தெரு முழுவதும் சந்தாவைப் பாதியாகக் குறைத்தார்கள். எதிரி என்றால் ஒயர் கம்பெனி. தரைக்கடியில் ஒயர் போட்டு டிவி காட்டுகிறவர்கள். அப்படி ஒரு தெரு இருப்பதே அதுவரை அவர்களுக்குத் தெரியாது. டிஷ்காரன் பாதி விலைக்குக் கொடுக்கிறான் என்றால் அங்கே புதையல் இருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். மறு வாரமே தெருவைத் தோண்டத் தொடங்கினார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

இதற்கு நடுவே பெரிய ஓட்டல் ஒன்றில் மாநாடு நடந்தது. ஆசியாவில் கட்டண டிவியின் வளர்ச்சி வாய்ப்பு பற்றி ஒரு நிபுணர் திரை போட்டுப் பேசினார். மாப்பிள்ளையையும் மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் அவன் அதைச் சொன்னான்.

"நம்ம தெருவைச் சிவப்புல காட்டினார் அத்தை. ஆசியாவுலயே போட்டி கடுமையா இருக்கற இடங்கள்ல இதுவும் ஒண்ணாம். அஞ்சு வருஷத்துல சந்தாதாரர் எண்ணிக்கை மூணு மடங்கு ஆகுமாம்."

"மூணு மடங்கா? இருக்கறதே நாப்பத்தேழு வீடு. மிச்சத்தை மொட்டை மாடியில கூடாரம் போட்டுக் கட்டுவாங்களா?"

"அதை நான் கேக்கலை."

"கேட்டிருக்கணும்," என்றாள். ஆனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தான் மாடிப்படியில் ஏறி இறங்கியது ஆசியா வரை போய்விட்டதே என்று, பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைப் பாதியில் கீழே வைத்தாள்.

மாநாட்டுக்கு ஒயர் கம்பெனிக்காரர்களும் வந்திருந்தார்கள். போகிறேன் என்ற நாற்பத்தேழு பேரில் நாற்பத்தேழு பேரையும் நிறுத்திய மாவீரனை விட்டுவைப்பார்களா? கூடுதல் சம்பளம் என்று ஆசை காட்டிக் கூப்பிட்டார்கள். இந்த முறை அவன் யாரிடமும் கிசுகிசுக்கவில்லை. சரி என்றுவிட்டான். புது வேலை, ஆட்களைச் சேர்ப்பது. முதல் இரண்டு மாதத்தில் இருபது வீட்டைச் சேர்த்துக் காட்டினால்தான் வேலை நிரந்தரம். தெருவும் அவர்களே கொடுத்தார்கள். எந்தத் தெரு? அவன் கரைத்துக் குடித்த தெரு, அவன் குடியிருக்கும் தெரு.

வேலையில் சேர்ந்த அன்று சாயங்காலம் அவன் வெளிறிப்போய் வந்து உட்கார்ந்தான். பழைய கம்பெனியின் இலவசச் சலுகைத் தாளை மேஜையில் விரித்தான். எறும்பு ஊர்ந்ததுபோல் கீழே ஒரு வரி இருந்தது. மூன்று மாத இலவசத்தை ஏற்றுக்கொண்டவர் இரண்டு வருடத்துக்கு இணைப்பை விட முடியாது.

"நாப்பத்தேழு வீட்டையும் நானே பூட்டி வச்சிருக்கேன்," என்றான். "தெருவுல இருக்கறதே இந்தக் கட்டடம்தான். எதிர்ப்பக்கம் பூரா கிடங்கு. யாரைச் சேப்பேன்?"

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். மாமியார் தாளை எடுத்துக் கண்ணுக்கு நெருக்கமாக வைத்துப் படித்தாள். "நீங்க எங்க பூட்டினீங்க? நான்ல பூட்டினேன்," என்றாள். அவள் அதை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"தெரியும் அத்தை. நீங்க முதல் குரல்ல 'ஹலோ'ன்னதுமே தெரியும்."

"தெரிஞ்சுமா வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க?"

"எனக்காக அவ்வளவு குரல் மாத்திப் பேசறீங்க. எப்படிச் சொல்றது?"

மகள் இரண்டு பேரையும் மாறி மாறி முறைத்தாள். மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கத் தாளுக்குள் மறுபடி முகத்தைப் புதைத்தாள். அங்கே எறும்பு வரிக்குக் கீழே இன்னொரு எறும்பு வரி. சந்தாதாரர் வேறு ஊருக்குக் குடிபோனாலோ இறந்தாலோ பூட்டு செல்லாது.

"நாப்பத்தேழு வீடும் ஊரை விட்டுப் போகாது," என்று தாளைக் கீழே வைத்தாள். "அப்ப ஒரே வழிதான். முதல்ல என்னைச் சாகடிங்க மாப்பிள்ளை."

"அத்தை!"

"நான் செத்தா ஒண்ணு. பல் டாக்டரும் நான் சொன்னாச் செத்துடுவார். பாட்டு டீச்சரைக் கேக்கவே வேணாம், பாதி செத்த மாதிரிதான் பேசுவா. இருபது பேர் தேறிடுவாங்க."

"சான்றிதழ் கேப்பாங்கம்மா," என்றாள் மகள்.

"கேக்கும்போது பாத்துக்கலாம்." மாப்பிள்ளை வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் பழைய கம்பெனி எண்ணைப் போட்டு, பழக்க தோஷத்தில் பதினேழை அழுத்தி, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரையும் போட்டுவிட்டாள். பேசியது மகளின் குரலில்.

"எங்கம்மா பேர்ல இருக்கற இணைப்பை நிறுத்தணும். அம்மா தவறிட்டாங்க."

எதிர்ப்பக்கம், மாப்பிள்ளையின் பழைய நாற்காலியில், ஒரு வயதான ஆண் குரல். காகிதம் சரசரத்தது. "அவங்க எங்களை விட்டுப் போற காரணத்தைத் தெரிஞ்சுக்கலாமா?"

"செத்துட்டாங்கங்க."

"வருந்துகிறோம்." மறுபடி சரசரப்பு. "எங்க சேவையில ஏதாவது குறை இருந்துதா?"

"ஒரு குறையும் இல்லை. வயசாச்சு."

"மூணு மாசம் இலவசமாக் குடுத்தா அவங்க தொடர வாய்ப்பிருக்குங்களா?"

மாப்பிள்ளை துண்டை வாயில் அடைத்துக்கொண்டான். மாமியாருக்கு வாய் சும்மா இருக்குமா? "ஆறு மாசம்னா?" என்றுவிட்டாள். மகள் நறுக்கென்று கிள்ளினாள்.

அந்தப் பக்கம் தாளை மடித்து வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, தாளில் இல்லாத குரலில் அந்த மனிதர் பேசினார். "மன்னிச்சுக்கங்கம்மா. எதை வாசிக்கறேன்னே தெரியாம வாசிச்சுட்டேன். நான் புதுசு. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன், கண் பார்வை குறைஞ்சுபோச்சுன்னு இறக்கிட்டாங்க. பஸ்ஸை நிறுத்தத் தெரியும், ஆளை நிறுத்த வரமாட்டேங்குது. இன்னைக்குத் தேதி இருபத்தஞ்சு, இன்னும் ஒருத்தரைக்கூட நிறுத்தலை. பாருங்க, உங்க துக்கத்துல வந்து என் கதையைச் சொல்றேன். ரத்து பண்ணிடறேன்மா. நல்லா இருங்க."

நல்லா இருங்க. மாமியார் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவன் துண்டை எடுத்துவிட்டிருந்தான். முகத்தில் சிரிப்பில்லை.

"ரத்து பண்ணாதீங்க," என்றாள் அவள். "அம்மா சாகலை."

"என்னம்மா?"

"மயக்கம்தான். இப்பக் கண்ணு முழிச்சுட்டாங்க. டிவி எங்கன்னு கேக்கறாங்க. இணைப்பு இருக்கட்டும். நீங்க நிறுத்தினதா எழுதிக்கங்க."

"நிஜமாவா?" அவர் குரல் உடைந்தது. "அவங்களை நல்லாப் பாத்துக்கங்கம்மா."

போனை வைத்ததும் மாமியாருக்குத் தலை நிமிரவில்லை. இரக்கம் பார்த்து மாப்பிள்ளை பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று குறுகிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க செத்திருந்தா நானே ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன் அத்தை," என்றான் அவன். "பாவம், அந்த நாற்காலி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்." எழுந்து, ஒயர் கம்பெனித் தாள்களைப் பையில் அடுக்கினான். "வேற தெரு கேட்டு வாங்கிக்கறேன். மார்க்கெட் பின்னாடி நாலு தெருவை யாருமே வேணாம்னுட்டாங்க."

"என்ன பேசணும்னு சொல்லித் தரட்டுமா? நாலு வீட்டுக்கு நான் முன்னாடியே போய்..."

"வேணாம் அத்தை. மாடிப்படி, போன், எதுவும் வேணாம். சத்தியம் பண்ணுங்க."

பண்ணினாள். அவளுக்கு வலித்தது. மறுநாள் முழுவதும் ஒரு கதவையும் தட்டாமல், ஒரு எண்ணையும் அழுத்தாமல், போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நாற்பது எட்டு நடந்தபோதுகூட இவ்வளவு கஷ்டப்படவில்லை.

பொழுது சாயும் நேரம் மாப்பிள்ளை வந்தான். சட்டை தோளோடு ஒட்டியிருந்தது, தொண்டை கட்டியிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று மூன்று விரலைக் காட்டினான்.

"மூணு வீடா? யாரு யாரு?" என்று அவள் துள்ளி எழுந்தாள்.

"தெரியாது அத்தை," என்றான், முகமெல்லாம் பல்லாக. "எனக்கும் தெரியாதவங்க. உங்களுக்கும் தெரியாதவங்க."