கண்ணாடிக் கிளிப்பு

நூலைக் கடித்தபோதுதான் பல் ஆடியது.

கிழிந்த விரிப்பைத் தைத்து முடித்துவிட்டுக் கத்தரியைத் தேடுகிற வழக்கம் அவளுக்கு என்றைக்குமே கிடையாது. நூலை முன்பல்லில் கொடுத்து ஒரு வெட்டு வெட்டுவாள், அவ்வளவுதான். அன்று சாப்பிட்டு முடித்து வந்தவள், பல்லை நேராக்கும் அலைனரை இன்னும் மாட்டாமல், பழைய பழக்கத்தில் நூலைக் கடித்தாள். நூல் அறவில்லை. பல் முன்னுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது.

தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கைகழுவும் இடத்துக் கண்ணாடியில் பார்த்தாள். நாக்கால் தள்ளினாள். ஆடியது. பல்லும் ஈறும் சேரும் இடத்தில் ரத்தம் மெல்லிய கோடாக நின்றது.

"என்னடி அங்க அழகு பாத்துக்கிட்டு நிக்கிற?" என்று டாக்டர் கோட்டுகளுக்குக் கஞ்சி போடுகிறவள் கேட்டாள். சலவைக்கூடம் முழுக்க அவளுக்குக் கஞ்சியக்கா என்றே பேர்.

"பல்லு ஆடுதுக்கா."

கஞ்சியக்கா ஈரக்கையோடு வந்து அவள் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். "அடப்பாவிகளா. நேராக்கித் தாடான்னா கழட்டியே குடுத்துட்டானுங்களா?"

சிரிப்பதற்கு வாய் போனது. அதற்குள் நாக்கு மறுபடி அந்தப் பல்லைத் தேடிப் போனது.

அந்தப் பல்லுக்காகத்தான் இத்தனை பாடும். மேல்வரிசையில் அது மட்டும் தெருவில் இறங்கி நிற்கிற வீட்டுப்படி மாதிரி முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. கீழ்ப்பற்கள் நெரிசல் பேருந்தில் நிற்கிறவர்களைப் போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. சின்ன வயதில் கூடப் பிறந்தவர்கள் வைத்த பேர் துருவி. கல்யாணமாகி வந்த வீட்டிலும் அந்தப் பேர் எப்படியோ வழி கேட்டுக்கொண்டு வந்து சேர்ந்தது. சரக்கு வண்டி ஓட்டும் புருஷனுக்கு நல்ல மனநிலை இருந்தால் "ஏய் துருவி, தண்ணி கொண்டா" என்பார். கெட்ட மனநிலையிலும் அதே பேர்தான்.

மகளைக் கட்டிக்கொடுத்து, கையில் கொஞ்சம் காசு நின்ற முதல் வருஷம் அது. பல்லை நேராக்கிக்கொள்ளப் போகிறேன் என்றதும் வீடே சிரித்தது.

"பேரன் எடுக்கிற வயசுல பல்லு கட்டப் போறாளாம்" என்றார் புருஷன்.

"பேரன் வந்தா அவன்கிட்டக் காட்ட எனக்குப் பல்லு வேணாமா?" என்றாள். தங்கச்சிகூட, "இந்த வயசுல எதுக்குக்கா?" என்றாள். வீடு கட்ட வயசு கேட்காதவர்கள், கடன் வாங்க வயசு கேட்காதவர்கள், இதற்கு மட்டும் வயசு கேட்டார்கள்.

முதலில் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த பல் டாக்டரிடம் போனாள். டாக்டரைப் பார்க்கவே இல்லை. முன்னால் உட்கார்ந்திருந்த பெண் அவளை மேலும் கீழும் அளந்து, ஒரு விலையைச் சொல்லி, "முடியும்னா டாக்டர்கிட்ட டைம் வாங்கித் தரேன்" என்றாள்.

"அந்த விலைக்கு நான் புதுசா ஒரு தலையே வாங்கிக்குவேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அப்புறம்தான் போனில் அந்த விளம்பரம் வந்தது. பாதி விலை, அதையும் தவணையில் கட்டலாம், ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம். பெரிய வணிக வளாகத்தின் மாடியில் செருப்புக் கடைக்கும் கைப்பைக் கடைக்கும் நடுவில் அவர்கள் கடை. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் அவள் வாய்க்குள் டார்ச்சு மாதிரி ஒன்றை விட்டு இப்படியும் அப்படியும் திருப்பினாள். திரையில் அவள் முகம் வந்தது. பட்டனைத் தட்டியதும் பற்கள் நகர்ந்து நகர்ந்து வரிசையில் நின்றன. திரையில் சிரித்தது அவள்தான். ஆனால் துருவி இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் விழுந்தாள். வெள்ளைக் கோட்டு டாக்டரா என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. பல் விளக்கும்போது வருஷக்கணக்காக ரத்தம் வருவதை அவளும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. பிரஷ் முரடு என்று அவள் நினைத்திருந்தாள்.

அலைனர் பெட்டி பெட்டியாக வீட்டுக்கு வந்தது. கண்ணாடி மாதிரி, பல் வடிவத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை. சலவைக்கூடத்தில் அதற்குக் கண்ணாடிக் கிளிப்பு என்று பேர் வைத்தார்கள். பேசும்போது கொஞ்சம் எச்சில் தெறித்தது. மற்றபடி மகாராணி மாதிரி நடந்தாள்.

பல் ஆடிய அன்று சாயங்காலமே கடையின் எண்ணுக்குச் செய்தி அனுப்பினாள். "பல் நகரும்போது லேசாக ஆடுவது இயல்பு மேடம்" என்று ஆலோசகர் என்கிற ஒருவர் பதில் போட்டார். பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை வேறு. ரத்தம் வருகிறதே என்றாள். அதுவும் இயல்பு என்றார். அலைனரை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்று கேட்டார்.

அங்கேதான் உண்மையைச் சொல்லித் தொலைத்தாள்.

அவள் வேலை செய்யும் இடத்துக்கு ஆஸ்பத்திரித் துணிகள்தான் வரும். சீழ், ரத்தம், வாந்தி எல்லாம் வரும். உடம்பில் பட்டது எதுவும் கொதிக்காமல் வெளியே போகக்கூடாது என்று சுவரில் சிவப்பு எழுத்தில் போட்டிருக்கும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சுத்தம் என்றால் அவளுக்குக் கொதிநீர்தான். வாய்க்குள் ராத்திரி பகலாகக் கிடக்கும் சாமானைப் பச்சைத் தண்ணீரில் அலசிப் போட அவளுக்கு மனசு வரவில்லை. ஒருநாள் பாய்லர் குழாயில் கிண்ணம் பிடித்து அதில் போட்டாள். எடுத்தபோது வெயிலில் வதங்கிய இலை மாதிரி ஓரம் சுருண்டிருந்தது. அடுத்த பெட்டி வர நாள் இருந்தது. விரலால் நிமிர்த்தி, பல்லில் வைத்து அழுத்தி மாட்டிக்கொண்டாள். சலவைக்காரி அல்லாத எவளும் செய்யமாட்டாள் அதை.

இதைச் சொன்னதும் ஆலோசகரின் சிரிப்புப் பொம்மை காணாமல் போனது. "சூடான நீரில் போட்டது பயனாளரின் தவறு. இதற்கு நிறுவனம் பொறுப்பாகாது."

"உன் புத்திய எதால அடிக்கிறது" என்றார் புருஷன்.

தன் கையாலேயே தன் பல்லை அவித்துக்கொண்டோம் என்று நம்பினாள். விரிப்புகளை ஆத்திரத்தோடு உதறினாள். ஊசி விரலில் ஏறியதுகூட உறைக்கவில்லை. மற்ற யார் மேலாவது வருகிற கோபத்தைக் கொட்டிவிடலாம். தன்மேல் வருகிறதை எங்கே கொட்டுவது?

கஞ்சியக்காதான் வழி சொன்னாள். "நான் கஞ்சி போடுற கோட்டுல பாதி, பாலத்துக்கு அந்தப் பக்கம் பல் டாக்டருக்குப் படிக்கிற காலேஜுக்குத்தான் போவுது. அங்கயே ஆஸ்பத்திரி இருக்கு. படிக்கிற புள்ளைங்கதான் பாக்கும், ஆனா பின்னாடி வாத்தியாரம்மா நிப்பாங்க. செலவும் கம்மி. வரிசை மட்டும் வால் மாதிரி நீளும். லீவு போட்டுட்டுப் போ."

போனாள். படிக்கிற பெண் ஒருத்தி மெல்லிய கம்பி ஒன்றை ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் ஈறுக்குள் இறக்கி ஆழம் பார்த்தாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். வாத்தியாரம்மா படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இதுக்கு முன்னாடி யாரும்மா எக்ஸ்ரே எடுத்தது?"

"யாரும் எடுக்கலம்மா."

"எடுக்காமயா பல்ல நகட்டினாங்க?"

"நான்தாம்மா தப்பு பண்ணிட்டேன். கிளிப்பச் சுடுதண்ணில போட்டுட்டேன்."

வாத்தியாரம்மா ஸ்டூலை இழுத்து அவள் எதிரே உட்கார்ந்தார். "இங்க பாருங்க. சுடுதண்ணி கெடுத்தது அந்த பிளாஸ்டிக்க. அதுவும் தப்புதான், இல்லங்கல. ஆனா உங்க ஈறு பல வருஷமா கெட்டுக் கிடக்கு. உள்ள எலும்பு கரைஞ்சிருக்கு. அடில மண்ணு சரிஞ்ச கம்பத்த, மேல கயிறு கட்டி இழுத்தா என்ன ஆகும்? அதான் ஆகியிருக்கு. முதல் நாளே ஈற ஒருத்தர் பாத்திருந்தா, முதல்ல அதச் சரி பண்ணிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பியிருப்பாங்க."

"பல்லு தங்குமாம்மா?"

"பக்கத்துப் பல்லோட சேத்துக் கட்டி வைக்கிறோம். ஈறச் சுத்தம் பண்ணுவோம். தங்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். அந்தக் கிளிப்ப இனிமே வாயில வைக்காதீங்க."

கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டாள். "அப்ப நேராக்கவே முடியாதா?"

"ஈறு ஆறட்டும். அப்புறம் பாக்கலாம். இங்கயே செய்யறோம், மெதுவா, மாசாமாசம் வாயத் தொறந்து பாத்துப் பாத்து. ஈறு நல்லா இருந்தா வயசெல்லாம் ஒரு விஷயமே இல்ல."

வயசைப் பற்றி அப்படிச் சொன்ன முதல் ஆள். கண்ணீர் வரவேண்டிய இடம். வரவில்லை. இத்தனை நாள் தன்மேல் குத்திக்கொண்டிருந்த கோபம் ஆள் தெரிந்துகொண்டு எழுந்து நின்றது. ரத்தம் வருதான்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதுமே.

நேராக அந்த மாடிக் கடைக்குப் போனாள். பல்லைக் கட்டியிருந்த பசை நாக்கில் கசந்தது. கடையில் கூட்டம். காவலுக்கு நிற்கும் நீலச் சட்டைக்காரி கதவைத் திறந்துவிட்டாள். வெள்ளைக் கோட்டுப் பெண் வேறொருவன் வாய்க்குள் டார்ச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ டாக்டராம்மா?" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

அந்தப் பெண் திகைத்தாள். "நான்... ஸ்கேன் எடுக்கிறவ மேடம்."

"அப்ப டாக்டர் எங்க?"

உள்ளேயிருந்து டை கட்டிய ஒருவன் அவசரமாக வந்தான். "எங்க டாக்டர்ஸ் எல்லாம் ஆன்லைன்ல இருக்காங்க மேடம். வாங்க, உள்ள உக்காந்து பேசலாம்."

"ஆன்லைன்ல இருக்கிற டாக்டருக்கு என் ஈறு எப்படிய்யா தெரியும்? கூப்பிடு அவர. போன்லயாவது மூஞ்சியக் காட்டச் சொல்லு. என் பல்ல நகட்டின ஆளு ஆம்பளையா பொம்பளையான்னாவது நான் தெரிஞ்சுக்கிறேன்."

அவன் குரலைத் தணித்தான். முதலில் புது செட் இலவசம் என்றான். அவள் முறைத்ததும், கட்டிய பணம் அத்தனையும் திருப்பித் தருவதாகச் சொல்லி ஒரு தாளை நீட்டினான். இதைப் பற்றி வெளியே எங்கேயும், யாரிடமும் பேசமாட்டேன் என்று அடியில் கையெழுத்துப் போட வேண்டும். ஈறு வைத்தியத்துக்கும், பிறகு பல்லை நேராக்கவும்கூட அந்தக் காசு தாராளமாகப் போதும். "போட்டுட்டு வாங்கிட்டு வாடி, பைத்தியக்காரி" என்று புருஷன் சொல்லுவது காதில் கேட்டது. பேனாவைக் கையில் வாங்கினாள்.

வாங்கியவள் திரையைப் பார்த்தாள். நாற்காலியில் இருந்தவனின் முகம் அங்கே பல் வரிசையாகச் சிரித்தது. கீழே நிஜ முகம் வாயைப் பிளந்துகொண்டு அந்தச் சிரிப்பையே பார்த்தது. அவள் பார்த்த அதே பார்வை. கட்டடத்தில் வேலை செய்கிறவன் போலிருந்தான். நகக்கண்ணில் சிமெண்டு.

பேனாவை மேசையில் கிடந்த தாளின்மேல் போட்டாள்.

"தம்பி, பல்லு விளக்கும்போது உனக்கு ரத்தம் வருதா?"

"என்னது?"

"ரத்தம் வருதான்னு கேட்டேன். உனக்கு எக்ஸ்ரே எடுத்தாங்களா?"

"உங்களுக்கு என்னங்க வந்துச்சு? என் முறை இது. தள்ளுங்க" என்று எரிந்து விழுந்தான் அவன். வரிசையில் யாரோ சிரித்தார்கள். "காசு கறக்க வந்திருக்கும்" என்றது ஒரு குரல்.

"காசு அந்தா மேசையில கிடக்கு! வேணும்னா நீ எடுத்துக்கோ!" என்று கத்தினாள். கத்தியதில் கட்டுப் போட்ட பல் விண்ணென்று தெறித்தது. "ஈறப் பாக்காம எலும்பப் பாக்காம பல்ல இழுக்கிறானுங்கய்யா இங்க! இத விட மாட்டுக்கு லாடம் அடிக்கிறவன் கவனமா அடிப்பான்!"

டைக்காரன் கையைச் சொடுக்கினான். நீலச் சட்டைக்காரி வந்து அவள் முழங்கைக்கு மேலே அழுத்திப் பிடித்தாள். இழுத்துக்கொண்டே கதவைத் தாண்டி, நடையைத் தாண்டி, ஆள் நடமாட்டம் இல்லாத பின்படிக்கட்டு வரைக்கும் கொண்டுபோனாள்.

"விடுடி கைய! நீயும் அவங்க குடுக்கிற சம்பளத்துக்குத்தான?"

நீலச் சட்டைக்காரி கையை விட்டாள். படிக்கட்டை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் உதட்டை விலக்கிக் காட்டினாள். பல்லின் மேல் பிளாஸ்டிக் பளபளத்தது.

"வேலை பாக்கிறவங்களுக்கு விலை கம்மின்னாங்கக்கா. சம்பளத்துல புடிக்கிறாங்க." குரல் இறங்கிவிட்டது. "எனக்கும் ரத்தம் வருது. இயல்புதான்னு சொன்னாங்க."

கேட்டவளுக்கு இருந்த கோபத்தில் ஒரு அறை விட்டிருப்பாள். யாரை என்றுதான் தெரியவில்லை.

"கழட்டு" என்றாள்.

"இப்பவா? போடாம இருந்தா கேப்பாங்கக்கா. தினமும் பாக்கிறாங்க."

"என்னத்தடி பாக்கிறான்? ஈறயா பாக்கிறான், கிளிப்பு இருக்கான்னுதான பாக்கிறான்? கழட்டுடி."

நீலச் சட்டைக்காரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கழற்றினாள். மேல் உறையின் உள்பக்கம் இளஞ்சிவப்பாக இருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றாள். டப்பா கடைக்குள் இருந்தது.

"வாயத் தொற. பெருசா." சின்ன விரலால் அவள் முன்பற்களை ஒவ்வொன்றாகத் தொட்டு அசைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஆடவில்லை. இன்னொரு தடவை, அழுத்தி. ஆடவில்லை.

"என்னக்கா? சொல்லுக்கா, என்ன?"

"இன்னும் கெட்டியாத்தான் இருக்கு. நாளைக்கு லீவு சொல்லு. பாலத்துக்கு அந்தப் பக்கம் பல் ஆஸ்பத்திரிக்குப் போகணும், விடியறப்பவே வரிசைல நிக்கணும்."

"லீவு குடுக்க மாட்டாங்கக்கா."

"குடுக்கலன்னா வயித்தால போவுதுன்னு சொல்லு. அதுக்கு எவனும் எக்ஸ்ரே கேக்க மாட்டான்."