கணக்கில் வராத மழை

கணிதம் படித்தவனுக்கு விடுமுறையில் என்ன வேலை கிடைக்கும் என்பதை எங்கள் கல்லூரி 1983 கோடையில் கண்டுபிடித்தது. என் வகுப்பு லட்சுமணனுக்குத் திருப்பத்தூரில் ஒரு கூட்டுறவு வங்கி, மின்விசிறி உண்டு. செந்தாமரைக்கு ஓர் ஆலை அலுவலகம், டீ உண்டு. எனக்கு ஜவ்வாது மலையில் ஒரு மழைமானி. மழைகூடக் கிடையாது.

“புள்ளியியல் அனுபவம்டா. ரெண்டு மாசம் அங்கயே தங்கி, தெனம் காலைல எட்டரைக்குப் பாத்து எழுதணும். சம்பளம் இல்ல, சான்றிதழ் உண்டு. நாளைக்கு வேலைக்குப் போறப்ப உதவும்” என்றார் பேராசிரியர் கோபால்சாமி.

நெல்லிவாசல்நாட்டில் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கினேன். விடுமுறைக்கு வாத்தியார் ஊருக்குப் போயிருந்தார். முற்றத்தில் வேலிக்குள் மழைமானி: மேலே புனல், உள்ளே பாட்டில். காலையில் பாட்டிலை எடுத்து வெயிலில் தூக்கிப் பார்ப்பேன். திரும்ப வைத்துவிட்டுப் பூஜ்யம் என்று எழுதுவேன். எட்டு முப்பத்திரண்டுக்கு ஓய்வு பெறுவேன்.

ஊர்க்காரர்கள் என்னைக் கண்டால் வழி மாறிப் போனார்கள். முன்பும் ஒருவர் இப்படித்தான் கருவியோடு வந்து அளந்தாராம். அவர் போன பிறகு சாமை விதைத்த நிலத்தில் யாரோ எல்லைக்கல் நட்டார்களாம். நான் மழையைத்தான் அளக்கிறேன் என்று விளக்கினேன். வானத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். நியாயம்தான்.

சாயங்காலம் சோறும் ஊறுகாயும் தின்றபடி பூஜ்யங்களின் சராசரி கண்டேன். பூஜ்யம். திட்ட விலக்கமும் அதுவே. ஒருநாள் கரும்பலகை முன் நின்று ஒன்பதாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொன்னேன், குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க. இருந்தது. காலி பெஞ்சுகள் ஒழுங்காகக் கவனித்தன.

மூன்றாவது வாரம் அந்த யோசனை வந்தது. பூஜ்யத்தைத் திருப்பத்தூரில் உட்கார்ந்தும் எழுதலாமே? யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? தெரிந்தால் சான்றிதழ் போகும், அனுப்பிய கோபால்சாமி சாரின் பேரும் போகும். இருந்தாலும் நாலு பேர் கத்துகிற பஸ் ஸ்டாண்டு எனக்கு உடனடியாகத் தேவைப்பட்டது. புளி ஏற்றிப்போக வரும் ஜீப்பில் இடம் சொல்லிவைத்தேன்.

கிளம்பும் காலையில் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் பாட்டிலைத் தூக்கினேன்.

தண்ணீர்.

முற்றத்துப் புழுதியில் ஒரு பொட்டு ஈரமில்லை. அளவுக் குவளையில் ஊற்றினேன்: முப்பத்தொரு மில்லிமீட்டர். மேகமே இல்லாமல், ஒரு சாண் வட்டத்துக்குள் மட்டும் பெய்த கனமழை. வங்கியில் லட்சுமணனுக்கு இப்படியெல்லாம் நடந்திருக்காது.

ஜீப் வந்து நின்றது. “ஏறு சாரு, நேரமாவுது” என்றார் ஓட்டுநர் பாண்டுரங்கன்.

“இருங்க. மழை பெஞ்சிருக்கு.”

அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். “நேத்து ராத்திரி இன்னா சாப்ட்ட?”

வேலிக்கு அப்பால் மங்கம்மாள் ஓர் ஆட்டுக்குட்டியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். பக்கத்து வீடு, நாற்பது வயதிருக்கும். இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“நாந்தான் ஊத்தனேன்” என்றாள்.

“எதுக்குக்கா?”

“தெனம் வந்து தொறந்து பாக்கற. ஒண்ணும் இல்லன்னு மூஞ்சத் தொங்கப்போட்டுக்கினு போற. பாக்கவே ஒருமாரி இருந்திச்சி. ஒரு சொம்புதான, ஊத்தனேன்.”

அந்தக் கோடையில் ஒரு சொம்பு என்பது சின்ன விஷயமில்லை. கீழே ஓடையில் மணலைத் தோண்டி, ஊறும்வரை உட்கார்ந்திருந்து, மேடேறிச் சுமந்து வரவேண்டும். நானும் அங்கேதான் எடுத்தேன்.

“வானத்துலேர்ந்து வந்தாத்தான்கா எழுத முடியும்.”

“அப்ப நான் ஊத்தனது?”

“கணக்குல வராது.”

பாண்டுரங்கன் சிரித்தார். “ஒரு சொம்புக்கு ஒரு நாள் மழ கேட்டா எப்பிடிம்மா?”

மங்கம்மாள் சிரிக்கவில்லை. வேலிக்கு மேலாகக் கையை நீட்டினாள். “அப்ப குட்த்துடு. குட்டியாவது குடிக்கும்.”

கொடுத்தேன். மழை முழுவதையும் குட்டி குடித்து முடித்தது.

அவள் பார்வை வாசலுக்குப் போனது. “பொட்டி இன்னாத்துக்கு வெளிய கீது? போய்ட்டு வரப்போறியா, ஒரேடியா போறியா?”

இந்த மலையில் தினமும் என்னைச் சரிபார்க்க ஓர் ஆள் இருந்திருக்கிறாள். எனக்குத்தான் தெரியவில்லை.

“போகலக்கா. பெட்டிய வெயில்ல காய வெச்சேன்.”

பாண்டுரங்கன் என்னையும் என் படிப்பையும் சேர்த்துத் திட்டிவிட்டு ஜீப்பைக் கிளப்பினார். சத்தம் மலைவளைவில் தேய்ந்து மறையும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் மங்கம்மாளும் போய்விட்டிருந்தாள். பேச வேண்டியதைப் பேசி முடித்தவள்போல, அதன் பிறகு அவள் பல நாள் பேசவே இல்லை.

அன்றைக்கும் பூஜ்யம்தான் எழுதினேன்.

மறுநாள் காலை துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். பாட்டில் காலி. முகத்தைச் சரிசெய்துகொண்ட பிறகுதான் திரும்பினேன்.