கொள்ளிடம் தாண்டும் பாட்டு

என் மனைவி வத்ஸலா குழந்தைகளுக்குச் சரித்திரக் கதை எழுதுகிறவள். காலால் அளக்காத இடத்தைப் பேனாவால் தொடமாட்டாள். ஊர் சிரிக்கட்டும், வெயில் கொளுத்தட்டும், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிடுவாள். குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவது என் தலையெழுத்து.

படையெடுப்புக் காலத்தில் ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகள் சிலர் விக்கிரகம் ஒன்றை மூட்டை கட்டிக்கொண்டு கொள்ளிடத்தைத் தாண்டிப் போவதாக ஒரு கதை எழுதினாள். அதற்காக நாங்கள் இருவரும் அந்த ஆற்றை நடந்தே கடந்தோம். முழங்கால் தண்ணீர்தான், கீழே கெட்டியான மணல். வழியைப் பாட்டாகவே கட்டிவிட்டாள்:

கோபுரம் முதுகுக்கு நேர்,
எதிர்க்கரைப் பனை முகத்துக்கு நேர்,
முழங்கால் நீரில் முன்னே நட.

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளைக் கைதட்டிப் பாடவைத்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

போன மாதம் கனிஷ்கா என்ற எட்டாம் வகுப்புப் பெண் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே ஆற்றில் இறங்கினாள். பாதி ஆற்றில் மணல் அள்ளிய பள்ளம்; அதில் மூழ்கிப்போனாள். கரையில் நின்ற தோழிகள் கத்தியது யார் காதிலும் விழவில்லை. பாட்டு விஷயத்தை அவர்கள் டீச்சரிடம் மட்டும் சொல்லியிருந்தார்கள். டீச்சர் எங்களுக்குப் போன் செய்தார். பெற்றவர்களுக்குத் தெரியாது.

பெற்றவர்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றாள் வத்ஸலா. போகாதே என்றேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதையாகிவிடும், போன குழந்தை திரும்பி வரப்போகிறதா என்று கத்தினேன். அவள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. கடைசியில் சொன்னாள்: “ஏன்னா, அவாகிட்ட சொல்லாம இனிமே ஒரு குழந்தை முகத்தைக்கூட என்னால பார்க்க முடியாது.”

ஆட்டோ பிடித்தேன்.

கரையோரத்தில் வீடு. பெண்ணின் அப்பா ரெங்கராஜ் எங்களை வாசல் வேப்பமரத்தடியிலேயே உட்காரவைத்தார். வத்ஸலா எல்லாவற்றையும் சொன்னாள். என் பாட்டுதான் உங்கள் பெண்ணைக் கொண்டுபோய்விட்டது என்று கும்பிட்டாள். அடிக்கப்போகிறார் என்று நான் எழுந்து நின்றுகொண்டேன். அவர் அடிக்கவில்லை. வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நீங்க எழுதுனது தப்பில்லம்மா. நீங்க நடந்தப்ப அங்க மணல் இருந்துச்சு. திருட்டுத்தனமா பொக்லைன் ஓட்டி அதை அள்ளுனது நான்தான்.”

அடப்பாவி, பெற்ற பெண்ணுக்கே குழி வெட்டியிருக்கிறாயே என்று வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் அந்த மனுஷர் என் மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டார்.

“அவ அம்மாவுக்குத் தெரியாதுங்க. ரோட்டு வேலைக்குப் போறேன்னுதான் நெனச்சிட்டிருக்கா. தெரிஞ்சா அவளும் செத்துருவா. இன்னும் சின்னது ஒண்ணு இருக்குங்க. அந்தப் பாட்டுதான் காரணம்னே இருக்கட்டும்மா.”

அக்கிரமம் இது. செய்தவன் ஒருத்தன், சுமப்பவள் ஒருத்தியா? வத்ஸலாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கையை விலக்கிவிட்டு உள்ளே போனாள். பாயில் சுருண்டு கிடந்த தாயின் எதிரே உட்கார்ந்து பாட்டைப் பற்றி மட்டும் சொன்னாள். பள்ளத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அந்தத் தாய் எழுந்தாள். வத்ஸலாவின் தலைமுடியைப் பிடித்து வாசல்வரை இழுத்துக்கொண்டு வந்தாள். குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றினாள்.

“எம் புள்ளையத் தின்ன கை வெளங்காம போவட்டும். அந்தக் கையில இனி ஒரு எழுத்து வராம போவட்டும்.”

வத்ஸலா கண்ணில் விழுந்த மண்ணைக்கூடத் துடைக்கவில்லை. ரெங்கராஜ் தலையைக் குனிந்துகொண்டு மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்த்தேன். பள்ளத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் மனைவி தப்பித்துவிடுவாள். அந்தச் சின்னது அழுதுகொண்டே வெளியே வந்து அவர் மடியில் ஏறிக்கொண்டது. நான் வத்ஸலாவைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவுக்கு நடந்தேன்.