டீசலிடம் சொன்னது

"நோலீன், உள்ளே யாரு?"

வெளியே குரல் கேட்டதுமே கிளிப்டன் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். மாமியார் மெர்ல் வாசலைத் தாண்டவில்லை; கடலைப் பார்த்துத் திரும்பி நின்றாள். எங்கள் கரையில் மாமியாரும் மருமகனும் முகம் பார்ப்பதில்லை, நேருக்கு நேர் பேசுவதுமில்லை. அது மரியாதை. வழக்கம் நல்லதுதான், அதைக் கையில் எடுத்தவன்தான் சரியில்லை.

"இன்னைக்குக் கூட்டத்துக்கு நான் வருவேன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லுடி."

இருவர் பேசுவதும் இருவருக்கும் நன்றாகவே கேட்கும். ஆனாலும் நோலீன் வாய் வழியாகத்தான் போக வேண்டும்.

"அம்மா கூட்டத்துக்கு வருதாம்."

"எப்படி வருவாங்க? நான்தானே தலைவர் நாற்காலியில இருக்கேன்! சட்டத்தை நானா போட்டேன்? பெரியவங்க போட்டது. வீட்ல நிம்மதியா இருக்கச் சொல்லு."

ஊரை நடத்திய மிஷன் பாதிரிமார்கள் போன பிறகு எங்களை நாங்களே ஆள்வதற்கென்று வைத்த மன்றம் அது. மழைக்காலம் முடிந்து கிளிப்டன் தலைவரானான். அன்றிலிருந்து, பெண்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய மெர்ல் உள்ளே கால் வைக்க முடியவில்லை. இன்றைக்குத் தீர்மானம் பெண்கள் கரையைப் பற்றியது. ஆண்கள் மிதிக்காத அந்த மணலை, டார்வின் நகரத்திலிருந்து தூண்டில் போட வருபவர்களின் விடுதிக்குக் கொடுக்கப் போகிறார்கள். எதிர்த்துப் பேசக்கூடிய ஒரே வாயை மரியாதை என்று சொல்லியே கட்டிவிட்டான். எரிச்சலாக இருக்காதா?

தகரக் கொட்டகையில் கூட்டம் கூடியது.

"யாருக்கும் மறுப்பு இல்லையே?" என்றான் கிளிப்டன்.

"டீசல், இங்க வா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

ஜன்னலுக்குக் கீழே, வெளியே, சுவரில் முதுகைச் சாய்த்து மெர்ல் உட்கார்ந்திருந்தாள். டீசல் அவளுடைய ஒற்றைக்காது நாய்.

"நம்ம பொம்பளைங்க பிள்ளை பெத்த கரைடா அது. என் நோலீன் பொறந்ததும் அந்த மணல்லதான். உள்ள ஒருத்தர் அதைத் தூக்கிக் குடுக்கப் போறாராம். தாரைவார்க்க அது அவரோட அப்பன் வீட்டு முற்றமா? நீயே சொல்லு."

டீசல் குரைத்தது.

"நாய்க்கே புரியுதப்பா!" என்று துணைத் தலைவர் ரூபர்ட் கிழவர் இருமி இருமிச் சிரித்தார்.

பதில் சொன்னால் கிளிப்டன் மாமியாரிடம் பேசியவன் ஆவான், குலத்துக்கே வெட்கக்கேடு. தானும் நாயிடம் பேசலாமென்றால், டீசல் அவன் கூப்பிட்டு வந்ததே கிடையாது. மூலையில் இருந்த மனைவியைப் பார்த்தான்.

"நோலீன், போய் அவங்ககிட்ட சொல்லு, இது எல்லாரோட நல்லதுக்குத்தான்னு."

நோலீன் எழுந்து வெளியே போனாள். அம்மாவின் பக்கத்தில் அவளும் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"என்னடி சொல்லச் சொன்னார்?"

"தெரியலம்மா. எனக்கு இன்னைக்குக் காது கேக்கல."



"சரி, மறுக்கிறவங்க கை தூக்குங்க," என்றார் உள்ளே ரூபர்ட் கிழவர்.

ஜன்னல் விளிம்புக்கு மேலே ஒரு கை எழுந்தது. முகமில்லை, கை மட்டும். அதைப் பார்த்து உள்ளேயும் ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன.

எண்ண வேண்டியவன் தலைவன். ஆனால் மாமியாரின் கை தெரிகிறதே! பெரியவர்கள் போட்ட சட்டப்படி கிளிப்டன் நாற்காலியோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ரூபர்ட் கிழவர்தான் எண்ணினார், அவனுக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே.