இரண்டு சாலையிலும் ஒரே ஆடு

1

இந்தக் கதையை நான் சரியாக நினைவு வைத்திருக்கிறேனா என்பது எனக்கே சந்தேகம். "நானும் வரலாமா?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தான் கேட்டார். மூன்று வரைவுகளிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். கேட்டது அத்தானா, விளையாட்டில் அவர் ஆடிய வீரனா என்பது மட்டும் இன்றுவரை தெளியவில்லை. தெளிந்திருந்தால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

முதல் வரைவின் தொடக்கம்: "வடக்கு மலைகளில் பனி உருகத் தொடங்கியபோது, தன்னந்தனியாக ஒரு வீராங்கனை..."

அந்த வரியை அடித்துவிட்டேன். அந்த வீராங்கனை என் அக்கா. மின்விசிறிக் காற்றில் வரைபடம் பறந்துவிடாமல் அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி உட்கார்ந்திருந்தாள்.

2

தெரியாதவர்களுக்கு: இது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு. உலகத்தை நான் சொல்வேன். அதில் தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்பதை மற்றவர்கள் சொல்வார்கள். தகராறு வந்தால் பகடை. எங்களுடையது திறந்த உலகம். யாரும் எந்தத் திசையிலும் போகலாம். எனவே எல்லாத் திசையிலும் ஏதாவது தயாராக இருக்க வேண்டும்.

நான் மருத்துவமனை ஆவண அறையில் வேலை பார்ப்பவன். அடுக்குவது ஒன்றுதான் எனக்குத் தெரியும். இந்த விளையாட்டுக்கென்றே அச்சிட்டு விற்கும் சாகசப் புத்தகங்கள் முப்பத்தொன்றை வாங்கிப் பிரித்து வடக்கு, தெற்கு, மேற்கு என்று கோப்புகளில் போட்டேன். ஊர்ப் பெயர்களை மட்டும் மாற்றினால் போதும். குகை எங்கேயும் குகைதான்.*

* கிழக்குக் கோப்பு காலி. யாரும் அந்தப் பக்கம் போனதில்லை.

3

(இந்தப் பகுதியை இரண்டு முறை நீக்கினேன். இது இல்லாமல் கதை நிற்கவில்லை.)

அக்காவும் அத்தானும் பிரிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வக்கீல்கள் வழியாகத்தான் பேச்சு. ஆனால் ஞாயிறு மதியம் மட்டும் இருவரும் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அந்த மேசையில் "வாளைக் குடு", "பின்னாடி பாரு" என்றாவது பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சை நம்பித்தான் நான் வாரம் முழுவதும் கோப்பு அடுக்கினேன்.

ஒரு ஞாயிறு, விளையாட்டிலும் அக்கா சொன்னாள்: "நான் வடக்கே போறேன்."

"அப்ப நான் தெற்கே," என்றார் அத்தான்.

நான்காவது ஆள் பல் டாக்டர்; விளையாட்டில் மந்திரவாதி. "நான் எந்தப் பக்கம் போறது? என்னையும் கோர்ட்ல பிரிச்சுக் குடுப்பாங்களா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் அத்தானோடு போனார்.

4

அந்த வாரம் நான் செய்ததைத் தந்திரம் என்று இரண்டாம் வரைவில் எழுதினேன். இப்போது தப்பு என்று எழுதுகிறேன். ஒரு படகோட்டி சாகசம் இருந்தது: ஆற்றின் நடுவே ஒரு தீவு, அங்கே இரண்டு சாவிகளால் மட்டும் திறக்கும் கதவு. அதை நகல் எடுத்து வடக்கிலும் தெற்கிலும் வைத்தேன். எந்தச் சாலையில் போனாலும் அதே தீவு, கையில் ஒரு சாவி. இரண்டு பேரும் சேர்ந்தால்தான் திறக்கும். வடக்குப் படகோட்டிக்கு வழுக்கை, தெற்குப் படகோட்டிக்குத் தாடி. ரொம்ப யோசித்துத்தான் செய்தேன்.

அடுத்த ஞாயிறு, அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "வழுக்கைத் தலையன் படகில் நிற்கிறான். பக்கத்தில் ஒற்றைக் கொம்புச் சிவப்பு ஆடு."

பிறகு அத்தானுக்கு. "தாடிக்காரன் படகில் நிற்கிறான். பக்கத்தில் ஒற்றைக் கொம்புச் சிவப்பு..."

வாய் தானாக நின்றது.

"என்ன சிவப்பு?" என்றார் பல் டாக்டர்.

"...ஆடு."

"அதே ஆடா?"

"அதோட தம்பி."

"தம்பிக்கும் ஒத்தக் கொம்புதானா? பரம்பரை வியாதியா?"

அக்கா பகடையைக் கீழே வைத்தாள். "எந்தப் பக்கம் போனாலும் அதே படகுதானாடா?"

"அது வந்துக்கா..."

"கோப்பைக் காட்டு."

காட்டினேன். இரண்டு நகல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"வக்கீலும் இதத்தான் பண்றாரு. அம்மாவும் இதத்தான் பண்றாங்க. எங்க திரும்பினாலும், சேந்து வாழுங்கன்னு ஒரே கதவு. நீயாவது சும்மா இருப்பேன்னு நினைச்சேன்." குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "கிழக்கே என்னடா இருக்கு?"

"ஒண்ணும் எழுதலக்கா."

"அப்ப அங்க போறேன்."

அப்போதுதான் அத்தானிடமிருந்து அந்தக் கேள்வி வந்தது. "நானும் வரலாமா?"

மின்விசிறி சுற்றியது. வரைபடத்தை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. அது மெதுவாக நகர்ந்து தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"யாரு கேக்குறது?" என்றார் பல் டாக்டர், நிஜமாகவே தெரிந்துகொள்ள. "வீரனா, நீங்களா?"



"வீரன் வரட்டும்," என்றாள் அக்கா.

5

முடிவு ஒன்று: அத்தான் அழுகிறார், அக்கா அவர் கையைப் பிடிக்கிறாள். (எழுதிப் பார்த்தேன். அம்மா எழுதியது போல இருந்தது.)

முடிவு இரண்டு: அத்தான் எழுந்து, கதவை...

வேண்டாம். இன்னொரு தீவு கட்ட எனக்கு மனமில்லை. அத்தான் எந்த முகத்தோடு பகடையைக் கையில் எடுத்தார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் அப்போது வரைபடத்தை எடுக்கக் குனிந்திருந்தேன்.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். நான்கு மாதத்தில் விவாகரத்து கிடைத்தது. அக்கா வேலை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள். ஞாயிறு மதியம் கணினித் திரையில் வருகிறாள். அத்தான் அதே நாற்காலியில் உட்காருகிறார். இப்போது அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அத்தான் என்றே கூப்பிடுகிறேன். வீராங்கனையும் வீரனும் கிழக்கே நடந்துகொண்டிருக்கிறார்கள். அங்கே எட்டு ஊர்கள் ஆகிவிட்டன, ஒன்றைக்கூட நான் முன்னதாக எழுதவில்லை. ஆட்டைப் பல் டாக்டர் வளர்க்கிறார்.