எட்டுக்குப் பதினாலு

சாரம் பகுதியில் வேம்பு வீடு கட்டியபோது, பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "மீதி எங்க?"

மீதி கிடையாது. எட்டடி அகலம், பதினாலடி நீளம், அவ்வளவுதான். குளிக்கிற மறைப்பும் கிணறும் அண்ணன் வீட்டுத் தோட்டத்தில் பொது. மற்றதெல்லாம் அந்த நாலு சுவருக்குள் அடக்கம்.

எழுபத்து நாலில் வேம்புக்கு முப்பத்தெட்டு வயது. பஞ்சாலையில் ரீலிங் பிரிவில் நூல் சுற்றுகிற வேலை. சின்ன வயதில் ரெட்டியார்பாளையத்தில் கட்டிக் கொடுத்தார்கள். நாலு வருடம் குடித்தனம் நடத்திவிட்டுப் புருஷன் வேறொருத்தியோடு நெய்வேலிப் பக்கம் போய்விட்டான். வேம்பு ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாரத்தில் இருக்கும் அண்ணன் இராமதாஸ் வீட்டுக்கு வந்தாள். அண்ணனும் சரி, அண்ணி ஜெயமும் சரி, முகம் சுளிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அந்த வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளுமாக ஒன்பது பேர். நாலு அறை இருந்தும் வேம்புக்கு என்று ஓர் இடம் இல்லை. படுப்பது நடையில். யாராவது கொல்லைக்குப் போனால் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். பெட்டி இருந்தது அண்ணியின் கட்டிலுக்கு அடியில். காலை ஷிப்டுக்குப் போக ஒரு புடவை எடுக்க வேண்டுமென்றால் முதல் நாள் சாயங்காலமே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தூங்குவாள். "அத்த, கொஞ்சம் தள்ளு" என்கிற பேச்சை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. பதினாலு வருடம் தள்ளித் தள்ளியே போயிற்று.

அம்மா சாவதற்கு முன்னால் பத்திரம் எழுதும் நொத்தேரிடம் போய், வீட்டுக்குப் பக்கவாட்டில் மாடு கட்டிக்கொண்டிருந்த சந்து இடத்தை மகள் பேருக்கு எழுதி வைத்திருந்தாள். பத்திரத்தைப் படித்துப் பார்த்த இராமதாஸ் சிரித்தான். "நாம எல்லாரும் ஒண்ணாத்தான இருக்கிறோம். எழுதினா இன்னா, எழுதாட்டி இன்னா?"

வேம்பு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி சின்னக்கண்ணுவைக் கூட்டிவந்து அந்தச் சந்து இடத்தைக் காட்டினாள். அவர் கயிறு பிடித்து அளந்தார். திரும்பவும் அளந்தார்.

"தங்கச்சி, இதுல ஒரு ரூம்பு கட்டலாம். வூடு கட்ட முடியாது."

"ரூம்புக்கும் வூட்டுக்கும் இன்னா வித்தியாசம், மேஸ்திரி?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "வூடுன்னா தெருவுல வாசல் இருக்கணும். அடுப்பு இருக்கணும்."

"அப்போ தெருவுல வாசல் வையுங்க. உள்ள அடுப்பு போடுங்க."

கதவில்தான் சிக்கல் வந்தது. கடற்கரைப் பக்கம் ஏதோ பழைய வீட்டை இடித்திருந்தார்கள். மரச்சாமான் கடையில் அந்த வீட்டின் கதவு ஒன்று சாத்தி வைத்திருந்தது. இரட்டைக் கதவு, பாதிக்கு மேல் சாய்வுப் பலகை அடித்தது, ஒன்பதடி உயரம். வேம்பு அதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். "கதவ அறுத்துச் சின்னதாக்கிடலாம்" என்றார். வேம்பு கேட்கவில்லை. "கதவ அறுக்காதீங்க. செவுத்த ஏத்துங்க." சுவர் பதினோரு அடி ஏறியது. அகலத்தைவிட உயரம் அதிகமான வீடு அந்தத் தெருவில் அது ஒன்றுதான். தெருப் பிள்ளைகள் தீப்பெட்டி வீடு என்று பேர் வைத்தார்கள். சுவர் ஏறியதில் ஒரு நன்மை: பாதி உயரத்தில் பரண் போட முடிந்தது. பெட்டி, விறகு, மழைக்காலத்துக்கான சாமான் எல்லாம் மேலே போய், தரை முழுக்கக் காலியாகக் கிடைத்தது.

வீட்டு எண் போட மேரியிலிருந்து ஆள் வந்தார். நகராட்சியைப் பிரெஞ்சுக்காரர் காலத்தில் சொன்னபடி அப்போதும் மேரி என்றுதான் சொல்வார்கள். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரே கட்டா?" என்றார். பிறகு அண்ணன் வீடு பதினேழு என்பதால் இதற்கு 'பதினேழு பிஸ்', அதாவது இரண்டாம் பதினேழு என்று தகட்டை அடித்துவிட்டுப் போனார்.

குடி போன அன்று வேம்பு கதவைச் சாத்திவிட்டு நடுவில் உட்கார்ந்தாள். இடது கையை நீட்டினால் அடுப்பு. வலது கையை நீட்டினால் தண்ணீர்க் குடம். சுவரில் இரண்டு மாடம், ஒன்றில் விளக்கு, ஒன்றில் சீப்பும் கண்ணாடியும். ஒரு தட்டு, இரண்டு டம்ளர். படுத்துப் பார்த்தாள். காலை நீட்டினாள். யாருக்கும் வழி மறிக்கவில்லை. எழுந்து கூட்டினாள், முப்பது தடவை விளக்குமாற்றை இழுப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. வேறு வேலை இல்லாததால் இன்னொரு தடவை கூட்டினாள்.

குறை இல்லாமல் இல்லை. சித்திரை, வைகாசியில் ஓடு காய்ந்து உள்ளே நெருப்பாகக் கொதிக்கும். அடுப்புப் புகை போக நேரமாகும். இரண்டு பேர் விருந்தாளி வந்தால் ஒருவர் படியில்தான் உட்கார வேண்டும். ஆனாலும் மில்லில் வேலை செய்யும்போது, வீடு பூட்டிக் கிடக்கிறது, நான் வைத்தது வைத்த இடத்தில் இருக்கும் என்று நினைத்துக்கொள்வாள். அந்த நினைப்பிலேயே கை வேகமாக ஓடும். முந்தியெல்லாம் ஷிப்டு முடிகிற சங்கு ஊதினாலும் அவசரப்படாமல் கிளம்புகிறவள், இப்போது முதல் ஆளாக மில் கேட்டுக்கு வெளியே நின்றாள்.

ஜெயத்துக்குத்தான் இதைத் தாங்க முடியவில்லை. தெருவில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எதிர்வீட்டுக் குஞ்சம்மாள் முகத்துக்கு நேராகவே கேட்டாள்: "இன்னா ஜெயம், நாத்தனார மாட்டுக் கொட்டாய்ல வெச்சிட்டியாமே?" அன்றைக்கு ஜெயம் கிணற்றடியில் வேம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் உனக்குச் சோறு போடலியா? ஒரு நாளாவது மொகம் சுளிச்சேனா? எம் பேரக் கெடுக்கத்தான இந்தக் குச்ச கட்டினே?"

"இல்ல அண்ணி. எனக்குப் புடிச்சிருக்குது, அவ்வளவுதான்."

"புடிச்சிருக்குதாம்! காலு நீட்ட எடமில்லாத வூடு புடிச்சிருக்குதாம்!"

அதற்குப் பிறகு மூன்று வருடம் ஜெயம் அந்தப் படியை மிதிக்கவில்லை. பிள்ளைகள் வருவார்கள், போவார்கள். அண்ணன் வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசுவான். அண்ணி மட்டும் கிணற்றடியில்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

எழுபத்தேழில் வேம்புக்கு மஞ்சள் காமாலை வந்தது. மூன்று வாரம் எழுந்திருக்க முடியவில்லை. முதல் நாள் சாயங்காலமே ஜெயம் கஞ்சிச் சொம்போடு வந்து நின்றாள். உள்ளே வந்தவள் எங்கே உட்காருவது என்று தெரியாமல் சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்து, வேம்பின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். கஞ்சி கொடுத்தாள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள்.  தினமும் வந்தாள்.

வேம்பு தேறி வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் வரவு நிற்கவில்லை. காலை ஷிப்டு முடிந்து வேம்பு மூன்றரை மணிக்கு வீடு வந்து சேர்வாள். அடுத்த ஐந்தாவது நிமிடம் ஜெயம் வருவாள். ஒரு நாள் முருங்கைக்கீரை கொண்டுவருவாள், ஒரு நாள் ஊசி கேட்பாள், ஒரு நாள் கேட்க வந்தது மறந்துபோயிற்று என்பாள். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருகிறவரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போவாள். போகும்போது, "இந்த வூட்ல மூச்சு முட்டுது" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். வேம்பும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவாள்.

எண்பத்திரண்டில் ஜெயத்தின் பெரிய மகன் சக்கரபாணிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. வீராம்பட்டினத்துப் பக்கம் சந்திரகலா என்று ஒரு பெண். ஆவணியில் முகூர்த்தம். அதற்குள் மாடியில் ஓர் அறை எடுக்க வேண்டும். மாடி என்றால் படிக்கட்டு வேண்டும். படிக்கட்டுக்கு இருந்த ஒரே தோதான இடம், வேம்பின் வீடு நிற்கிற சந்து.

இராமதாஸ் அதிகாரமாகக் கேட்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசினான்.

"முன் ரூம்ப உனக்கே வுட்டுடறேன் வேம்பு. பேன் இருக்குது. ரெண்டு ஜன்னல் இருக்குது. இதப்போல மூணு மடங்கு. வயசாவுது, நாளைக்கு ஒண்ணுன்னா பக்கத்துல ஆள் வேணாமா? ஒண்ணும் அவசரமில்ல. ஒரு வாரம் வந்து இருந்து பாரு. புடிக்கலன்னா சொல்லு."

அண்ணன் கேட்டதில் தப்பு ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. மேஸ்திரி வந்து உள்ளளவு பார்க்க வேண்டும் என்று சாவியைக் கேட்டான். கொடுத்துவிட்டுப் பாயும் தலையணையுமாக முன் அறைக்குப் போனாள்.

கத்திரி வெயில் நேரம். முதல் நாள் மின்விசிறிக்கு அடியில் படுத்தவள் அசைந்து கொடுக்காமல் தூங்கினாள். காலையில் எழுந்தபோது அவளுக்கே பயமாக இருந்தது. இத்தனை வருடம் வீம்புக்குத்தான் அந்தத் தீப்பெட்டியில் வெந்துகொண்டிருந்தேனா? காற்று வரும் அறை நல்ல அறைதான். அதை இல்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை.

மூன்றாம் நாள் பெண் வீட்டார் வந்தார்கள். பாயைச் சுருட்டினாள். நாலாம் நாள் காலை, "அத்த, கொஞ்சம் எழுந்திரு, பீரோ தொறக்கணும்" என்று சக்கரபாணி வந்தான். அன்று மத்தியானம் கல்யாணத்துக்கு வாங்கிய பாத்திரங்களை அவளுடைய தலைமாட்டில் அடுக்கினார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பெரிய வீட்டில் காலி இடம் தெரிந்தால் எதையாவது கொண்டுவந்து வைக்கத்தான் தோன்றும். ஆனால் அறை யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அது எல்லாருடையதும். அதனால்தான் அது அவளுடையது இல்லை.

ஐந்தாம் நாள் மில்லிலிருந்து வந்தவள், கால் போன போக்கில் பதினேழு பிஸ்ஸுக்கே போய்விட்டாள். கதவு உள்ளே தாழிடாமல் சாத்தியிருந்தது. மேஸ்திரி அளந்துகொண்டிருக்கிறார் போல என்று தள்ளினாள்.

ஜெயம் தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தலைக்குக் கையை மடித்து வைத்து, இரண்டு காலையும் தாராளமாக நீட்டி, வாயை லேசாகத் திறந்துகொண்டு. அண்ணனிடம் கொடுத்த சாவி அவள் இடுப்பில் செருகியிருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அண்ணி பகலில் படுத்து வேம்பு பார்த்ததில்லை.

வெளிச்சம் பட்டதும் ஜெயம் பதறி எழுந்து உட்கார்ந்தாள். "கூட்டிப் பெருக்கலாம்னு வந்தேன்" என்றாள்.

வேம்பு விளக்குமாற்றைப் பார்த்தாள். அது மூலையில் சாத்தியது சாத்தியபடி இருந்தது. உள்ளே வந்து எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இரண்டு பேருடைய காலும் நடுவில் ஒன்றோடொன்று பட்டுக்கொண்டன.

"எத்தினி நாளா வரீங்க அண்ணி?"

ஜெயம் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"நீ அங்க போன அன்னிலேருந்து. தெனமும். நீ வர்றதுக்கு முன்னால பூட்டிட்டுப் போயிடுவேன்." முந்தானையை மடியில் போட்டுக்கொண்டு, "எனக்கு நாலு ரூம்பு இருக்குது வேம்பு. எந்த ரூம்புல குந்தினாலும் ஒரு வேல கண்ணுல படுது. படுத்தா, ஒடம்பு சரியில்லையான்னு கேக்கறாங்க. செவுத்தப் பாத்துக்கினு சும்மா குந்தியிருந்தா, இன்னா கோவம்னு கேக்கறாங்க. இங்க வந்தா ஒண்ணுமே இல்ல. பாக்கறதுக்கும் ஒண்ணுமில்ல, செய்யறதுக்கும் ஒண்ணுமில்ல" என்றாள்.

"மூச்சு முட்டுதுன்னு சொல்வீங்களே."

"அப்பிடிச் சொல்லலன்னா, புடிச்சிருக்குதுன்னு இல்ல ஆயிடும்?"

வேம்புக்குச் சிரிப்பு வந்தது. ஜெயத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது.

"இத இடிக்கச் சொன்னது நான்தான்" என்றாள். "உங்கண்ணனுக்கு அந்த யோசனையே இல்ல. நான்தான் சொன்னேன். ஊரு வாய மூடணும்னு இருந்துது. கட்டின நாள்லேருந்தே இருந்துது. இப்போ இங்க படுத்துக்கினு, இது போயிட்டா எங்க போவேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

வேம்புக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு அண்ணிக்கு ஒரு டம்ளர், தனக்கு ஒரு டம்ளர் எடுத்தாள்.

அன்று சாயங்காலம் மேஸ்திரியும் இராமதாசும் கொல்லையில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது ஜெயம் போய் நடுவில் நின்றாள். வேம்பு கிணற்றடியில் துணி அலசிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"படிக்கட்டு பின்னால வரட்டும். சமையல்கட்டுல பாதிய எடுத்துக்கங்க."

இராமதாஸ் திகைத்துப் போனான். "உனக்கு இன்னா பைத்தியமா? இத்தினி பேருக்கு ஆக்கற எடம். பாதிய எடுத்தா நீ எங்க நிப்பே?"

"நின்னுக்குவேன். சின்னதா இருந்தா எல்லாம் கைக்கு எட்டும். நாலு தடவ எழுந்து எழுந்து நடக்க வேணாம்."

"வேம்பு எதுனா சொன்னாளா?"

"அவ ஒண்ணும் சொல்லல. எனக்கே புடிச்சிருக்குது."

மேஸ்திரி சின்னக்கண்ணு கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, கிணற்றடியில் இருந்த வேம்பைப் பார்த்தார். 

படிக்கட்டு பின்புறமாகவே ஏறியது. ஆவணியில் கல்யாணம் நடந்தது. வேம்பு தன் பாயோடு திரும்பிவந்தாள். மின்விசிறியின் சுகத்தைக் கண்டுவிட்டதால் அதை மறக்க முடியவில்லை. மனு கொடுத்து மின்சாரம் இழுத்து, ஒரு மேசை விசிறி வாங்கிப் பரணின் விளிம்பில் வைத்துக் கட்டினாள். அது போதுமாக இருந்தது.

ஜெயம் இப்போது ஊசி கேட்டு வருவதில்லை. கீரையும் கொண்டுவருவதில்லை. வந்து, விசிறியைப் போட்டு, படுத்துவிடுவாள். ஒருவர் தாராளமாகப் படுத்தால் இன்னொருவருக்கு இடம் போதாது. வேம்பு படிக்கு வந்து உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாள்.

தை மாதத்தில் ஒரு நாள், பக்கத்து வீட்டிலிருந்து இராமதாஸ் குரல் கொடுத்தான். பதில் வராததால் வெளியே வந்து, சந்தனமும் குங்குமமும் எங்கே இருக்கிறது, யாரோ பத்திரிகை வைக்க வந்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான்.

"உங்க அண்ணி இங்க வந்தாளா?"

வேம்பு அண்ணனிடம் பொய் சொன்னதே இல்லை. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் கையை நீட்டிக் கதவை மெல்ல இழுத்துச் சாத்தினாள்.

"கடைக்குப் போயிருக்காங்க அண்ணே" என்றாள். "வர அரை மணி ஆவும்."