ஆட்டுக்கொட்டிலில் மூன்று நாள்

எனக்குக் கடற்கரை பிடிக்காது. கடலோர ஊரான ஆலங்குடாவில் இதைச் சொன்னால் வைத்தியரிடம் காட்டச் சொல்வார்கள். எங்கள் வண்ணாத்திவில்லுவில் சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அங்கே நிலம் வைத்த இடத்தில் இருக்கும். காலையில் எழுந்து பார்த்தால் மரமுந்திரிகை மரம் நேற்று நின்ற இடத்திலேயே நிற்கும். கடற்கரை மணலோ செருப்பில் ஏறி, சாரத்துக்குள் புகுந்து, சோற்றில் விழுந்து, கடைசியில் காதுக்குள் குடியிருக்கும். உலகம் முழுவதிலிருந்தும் பிளேன் ஏறி வந்து அதில் உடுப்பில்லாமல் படுக்கிறார்கள். அவர்களுக்கு ஊரில் என்ன குறை என்று யாராவது விசாரிக்க வேண்டும்.

என் மனைவி ஸாஜிதா அந்த ஆலங்குடா மணலில் பிறந்தவள். அல்லாஹ் எழுதிய விதி, கத்ர் என்பது இதைத்தான்.

டிசம்பர் விடுமுறையில், பைகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோதே அவள் சொல்லிவிட்டாள்.

"இஞ்ச பாருங்க. மூணு நாள். தம்பி என்ன செஞ்சாலும் நீங்க வாயத் தொறக்கப்படாது. பகிடி ஒண்டும் வேணாம். இந்த முறையும் கொழப்பினீங்கெண்டா எனக்குத் தாய்வீடு எண்டு ஒண்டு இனி இல்ல."

வாப்பாவும் உம்மாவும் மௌத்தான பிறகு அவளுக்கு மிஞ்சியது ஒரே ஒரு தம்பி, அம்ஜத். நான்கு வருடமாக அவன் வாசலை அவள் மிதிக்கவில்லை. காரணம் நான்.

நடந்தது இதுதான். அம்ஜத் தகப்பனின் வளவில் பழைய வீட்டைச் சுற்றி உல்லாசப் பயணிகளுக்கு ஆறு கபானாக் குடில் கட்டித் திறப்பு விழா வைத்தான். பிரதேச சபையிலிருந்து ஆள் வந்திருந்தார்கள், வெள்ளைக்காரர்கள் வந்திருந்தார்கள். மச்சானும் ரெண்டு வார்த்தை பேசட்டும் என்று மைக்கை என் கையில் தந்தார்கள். நான் கால்நடை அபிவிருத்தி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மைக்கைக் கண்டால் எனக்கு அடக்கம் கிடையாது. "தரையிலிருந்து மூன்று அடி உயரம், பலகைக்குப் பலகை இடைவெளி, கீழால் காற்று, மேலே கிடுகு ஓலை. எங்கள் திணைக்களம் ஆட்டுக்கொட்டில் கட்டச் சொல்லுவது அச்சொட்டாக இப்படித்தான். இவ்வளவு சரியாகக் கட்டிய கொட்டிலை நான் மாவட்டத்திலேயே பார்க்கவில்லை" என்றேன். அதில் பாதி பகிடி, பாதி உண்மையான பாராட்டு. பாராட்டு யாருக்கும் கேட்கவில்லை. சபை சிரித்தது. ஒருவர் வெள்ளைக்காரருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல, அவர்களும் சிரித்தார்கள். அடுத்த வாரம் புத்தளத்தில் த்ரீவீல்காரர்கள் "எங்க, ஆட்டுக்கொட்டிலுக்கா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். பெயர்ப்பலகையில் அம்ஜத் எழுதிவைத்த ஆங்கிலப் பெயரை இன்றுவரை யாரும் வாயால் சொன்னதில்லை.

இப்போது அவனுக்கு ஆண்பிள்ளை பிறந்திருந்தது. ஏழாம் நாள் அகீகா. தகப்பனின் கூடப்பிறந்த ராத்தா இல்லாமல் பிள்ளைக்கு முடி இறக்கினால் ஊர் கேட்கும். அதனால் அழைப்பு வந்தது, ஸாஜிதாவுக்கு.

அம்ஜத் வாசலில் நின்றான். ராத்தாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் அழுதார்கள். எங்கள் பிள்ளைகள் இருவரையும் இரண்டு தோளில் தூக்கினான். பிறகு அவர்களை இறக்கிவிட்டு, சேர்ட்டைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினான்.

"வெல்கம், சேர்."

கையில் குழல் போட்ட செவ்விளநீர் ஒன்றைத் தந்தான். பதினாறு வருடமாக என்னை மச்சான் என்று கூப்பிட்டவன்.

"சேர்ட ஐடி கார்ட ஒருக்காத் தாங்க. புத்தகத்தில பதியோணும். கெஸ்ட்மார் எல்லாருக்கும் அப்படித்தான்."

நான் ஸாஜிதாவைப் பார்த்தேன். அவள் என் வாயைப் பார்த்தாள். ஐடி கார்டை எடுத்துக் கொடுத்தேன்.

"ராத்தாவும் புள்ளயளும் ஊட்டுக்குள்ள படுக்கட்டும். சேருக்கு நாலாம் நம்பர். கடலுக்குக் கிட்ட."

அது கடலுக்குக் கிட்ட இல்லை, கடலுக்குள்தான் இருந்தது. இரவு முழுவதும் அலை தலைமாட்டில் வந்து இருமிக்கொண்டிருந்தது. காற்று கிடுகைத் தூக்கித் தூக்கி உள்ளே யார் என்று பார்த்தது. தூக்கம் வராமல் குனிந்து பலகை இடைவெளியை விரலால் அளந்தேன். அரை அங்குலம். குட்டிகளின் குளம்பு சிக்காது, புழுக்கை கீழே விழுந்துவிடும். மனசுக்குள் சபாஷ் போட்டேன். அந்தச் சபாஷுக்காக என்னையே ஏசிக்கொண்டு படுத்தேன்.

காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டினான்.

"டொல்பின், சேர். பக்கேஜில இரிக்கி."

"நான் பக்கேஜ் ஒண்டும் கேக்கல்லயே அம்ஜத்."

"வந்த ஆளுக்கு ஒண்டையும் கொறைக்கிற பழக்கம் எங்களுக்கு இல்ல, சேர்."

படகில் இரண்டு ஜெர்மன்காரர்களும் நானும். கரை மறைந்ததும் நான் ஒரு பக்கம் தலையைத் தொங்கப் போட்டேன். மற்றப் பக்கம் நூறு டொல்பின் துள்ளியதாகப் பிற்பாடு சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது முதல் நாள் இரவு தின்ற இடியப்பம் மட்டும்தான். அம்ஜத் இயந்திரத்தைப் பிடித்தபடி மிக மரியாதையாகச் சொன்னான்: "சேர், டொல்பின் இங்கிட்டு. நீங்க பாக்கிறது மீனுக்குச் சாப்பாடு குடுக்கிற பக்கம்."

பத்து மணிக்குக் கடல்நீர் தேங்கிய களப்பில் பட்டம் பழக்கினார்கள். நாங்கள் சிறுவயதில் விட்ட பட்டம் அல்ல. இது மனிதனையே கட்டி இழுப்பது. இடுப்பில் ஒரு பட்டியை மாட்டினார்கள். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடும்போது இனிமேல் கொஞ்சம் இரக்கம் காட்டவேண்டும் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் காற்று என்னை ஐம்பது கெஜ தூரம் வயிற்றால் இழுத்துக்கொண்டு போய்ச் சேற்றில் போட்டது. எழுந்தபோது அம்ஜத் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"இன்னொருக்காப் போங்க சேர். முழுசா அனுபவிக்காம ஊருக்குப் போய், சரியில்ல எண்டு செல்லப்படாது."

நான் வாயைத் திறந்தேன். உள்ளே அருமையான ஒரு பகிடி பழுத்து நின்றது. சேற்றோடு விழுங்கினேன்.

பின்னேரம் மணலில் ஒரே ஒரு கதிரையைப் போட்டு, சூரியன் மறைவதைப் பார்க்கச் சொல்லி இருத்தினான். சூரியன் மறைய இரண்டு மணித்தியாலம் இருந்தது. அதுவரை வீட்டுக்குள்ளிருந்து என் பிள்ளைகளின் சிரிப்பும், அம்ஜத்தின் மனைவி ஹாஜரா அவர்களுக்கு ஏதோ பொரிக்கும் வாசமும் வந்துகொண்டிருந்தன. கெஸ்ட்மாருக்கு வீட்டுக்குள் அனுமதி இல்லை.

ஸாஜிதா தேத்தண்ணியோடு வந்தாள். என் முழங்கையில் தோல் போயிருந்ததைப் பார்த்தாள்.

"நோவுதா?"

"இல்ல. அனுபவிக்கிறன்."

சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு பக்கத்தில் மணலில் குந்தினாள்.

"நேத்து ராவு உம்மாட அறையில படுத்தன். அலுமாரிய அவன் அப்படியே வச்சிருக்கான். உம்மாட கறுப்பு அபாயா கூட மடிச்ச மாதிரியே இரிக்கி." மணலை விரலால் கீறினாள். "இன்னும் ஒரு நாள்தான். பல்லக் கடிச்சிட்டு இருங்க."

எனக்குப் பல்லிலும் மணல்தான் இருந்தது. அதையும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து ஆட்கள் வந்தார்கள். முற்றத்தில் ஓலைப்பந்தல் போட்டுப் பாய் விரித்திருந்தது. சஹனில்தான் சாப்பாடு. பெரிய தட்டு ஒன்றில் நெய்ச்சோற்றைக் குவித்து, மேலே இறைச்சியும் கோழியும் வைத்து, ஒரு தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவது. பெண்களுக்குத் திரைக்கு அந்தப் பக்கம். குழந்தைக்கு முடி இறக்கி, ஸாஜிதா மடியில் வைத்துக்கொண்டிருந்ததைத் திரை விலகியபோது ஒரு கணம் கண்டேன். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்துப் பல நாள்.

எனக்குச் சஹன் இல்லை. ஜெர்மன்காரர்களுக்குப் பக்கத்தில் மேசை, சோற்றுக் கோப்பை, முள்ளுக்கரண்டி. அம்ஜத் தானே கதிரையை இழுத்துத் தந்தான்.

"சேர் இஞ்ச இரிங்க. கடல் நல்லாத் தெரியும்."

பாயில் இருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். ஒரே குடும்பத்து ஆளை அகீகா அன்று தனிக் கோப்பையில் இருத்துவது கன்னத்தில் அடிப்பதற்குச் சமம். அது எல்லோருக்கும் விளங்கியது, ஜெர்மன்காரர் இருவரைத் தவிர. அவர்களில் ஒருவர் எனக்கு முள்ளுக்கரண்டி பிடிக்கும் முறையைக் காட்டித் தந்தார்.

நான் இருந்துவிட்டேன். வாக்கு வாக்குத்தான்.

கெடுத்தவர் ஹாஜராவின் வாப்பா அத்தாஉல்லா. அம்ஜத்தின் சஹனில் ஐந்து பேர்தான் இருந்தார்கள். ஆறாவது ஆள் இல்லாமல் கை வைக்க அவருக்கு மனமில்லை.

"அஸ்மி, என்ன அங்க மேசையில? பரீட்சையா எழுதுறிய? இங்கால வாங்க, ஒரு ஆள் கொறயுது."

மாமனார் கூப்பிட்ட பிறகு அம்ஜத் என்ன சொல்ல முடியும். நான் போய் அவனுக்கு நேர் எதிரே குந்தினேன். கை கழுவும் தண்ணீர் சுற்றி வந்தது. பிஸ்மில்லாஹ் சொன்னோம்.

சஹனில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்காரன் நல்ல துண்டாகப் பிய்த்து விருந்தாளியின் பக்கம் தள்ளிவைப்பான். விருந்தாளி மறுக்கக் கூடாது, மிச்சமும் விடக் கூடாது. அம்ஜத் ஒரு தொடைத் துண்டை என் பக்கம் தள்ளினான். பிரியத்தோடு தள்ளுவதற்கும் இப்படித் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம் சோறு சரிந்து என் மடியில் விழுந்ததில் தெரிந்தது. தின்றேன். அடுத்தது வந்தது. தின்றேன். மூன்றாவதை அவன் பக்கமே திருப்பித் தள்ளினேன். அவன் அதோடு ஒரு கோழிக்காலையும் சேர்த்துத் திருப்பி அனுப்பினான்.

"ரெண்டு பேரும் என்ன, கேரமா விளையாடுறிய?" என்றார் அத்தாஉல்லா. "நாலு வருசமாகுது. ஒரு பகிடிக்கு இவ்வளவா, மகன்?"

அம்ஜத் கையைச் சோற்றிலிருந்து எடுக்கவில்லை. தலையை நிமிர்த்தவும் இல்லை.

"பகிடிதான் மாமா. எனக்கும் முதல்ல சிரிப்பு வந்திச்சி. த்ரீவீல்காரன் சென்னா எனக்கென்ன. சிபானாவப் பள்ளிக்கூடத்தில சேத்த நாள்ல இரிந்து, வகுப்புக்குள்ள அவ வரக்குள்ள புள்ளயள் ஆடு மாதிரிக் கத்துதுகள். தலைக்கு எண்ணெ வச்சா கத்துதுகள். புதுச் சப்பாத்துப் போட்டா கத்துதுகள். நாலு வருசம். போன மாசம் டீச்சர் பேர் கூப்பிடக்குள்ள புள்ளயள் கத்த, டீச்சரும் சிரிச்சிட்டாவாம். எண்ட புள்ள அண்டைக்கி முழுக்கச் சாப்பிடல்ல."

சிபானா அவனுடைய மூத்த மகள். ஒன்பது வயது. இந்த மூன்று நாளும் அவள் என் பக்கம் வரவில்லை. கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

நான்கு வருடமாக வீட்டில் இருந்துகொண்டு, ஒரு பகிடி தாங்காத மனுசன் என்று அம்ஜத்தைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எனக்குத் தெரியாது அம்ஜத்" என்றேன். "தெரியாட்டியும் செஞ்சது நான்தான். என்ன மன்னிச்சிரு."

"அது எனக்கு வேணாம்" என்றான். குரலை உயர்த்தவில்லை. "ராத்தா எப்பவும் வரலாம். இது அவட ஊடு. புள்ளயளும் வரட்டும். நீங்க மட்டும் வராதீங்க. உங்களக் கண்டா எண்ட காதில அந்தச் சத்தம்தான் கேக்குது."

திரை விலகியது. ஸாஜிதா வலது கையில் சோற்றோடு வந்து நின்றாள்.

"அவர் வரப்படாத ஊட்டுக்கு நானும் வரமாட்டன். பைய எடுங்க, போவம்."

மூன்று நாள் நான் மணலை விழுங்கியது இதற்கா. அவளுடைய உம்மாவின் அலுமாரி, அந்த அறை, மடியில் கிடந்த பிள்ளை, எல்லாம் இன்னும் ஒரு நிமிடத்தில் போய்விடும்போல் இருந்தது. நான் எழும்பவில்லை. சஹனிலிருந்து ஒருவர் எழுந்தால் மற்றவர்களும் கையை எடுக்க வேண்டும்.

"ஸாஜிதா, உள்ள போய்ச் சாப்பிடு. அவன் செல்றது சரி" என்றேன். "நீ வருவ. பெருநாளுக்கு வருவ, லீவுக்கு வருவ, கந்தூரிக்கு வருவ. புள்ளயள் இந்தக் கடல்ல குளிச்சி வளரட்டும், மண்ணில புரளட்டும். நான் கொண்டுவந்து சந்தியில இறக்கிட்டுப் போறன்."

வாழ்நாளில் முதல் தடவையாகக் கடற்கரைக்காக ஒருவரோடு வாதாடினேன். அதுவும் அங்கே நான் இருக்கக் கூடாது என்று.

அவள் என்னையே பார்த்தாள். நான் பகிடி பண்ணுகிறேனா என்று முகத்தில் தேடினாள். இல்லை என்று கண்டதும் அவளுக்குக் கண் கலங்கியது.

"அதெல்லாம் பொறகு" என்றான் அம்ஜத். "ராத்தா, போங்க. சோறு ஆறுது." பிறகு எங்கள் ஐந்து பேரையும் பார்த்து, "சஹன முடிங்க."

முடித்தோம். என் பக்கம் குவிந்திருந்ததையெல்லாம் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவளையும் பிள்ளைகளையும் சந்தியில் இறக்கிவிட்டு, அங்கிருந்த தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். கடல் தெரியாது, சத்தமும் கேட்காது. நான் விரும்பிய விடுமுறை அதுதான் என்று ஆறு மாதத்துக்கு முன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நேரம் போகவில்லை. பிள்ளைகள் இப்போது தண்ணீரில் நிற்பார்களா, சிறியவன் ஆழத்துக்குப் போகிறானா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். தெரிந்தது லொறிகள்தான்.

இரண்டு மணிபோல அம்ஜத் மோட்டார் சைக்கிளில் ஐஸ் வாங்க வந்தான். என்னைக் கண்டான். ஸலாம் சொன்னேன், பதில் சொன்னான். அது எல்லோருக்கும் சொல்ல வேண்டிய பதில்.

"உங்கட மச்சான் காலையில இரிந்து இஞ்சதான் குந்திட்டிருக்கார்" என்றார் கடைக்காரர்.

"இரிக்கட்டும்" என்றான் அம்ஜத்.

ஐஸ் பெட்டியைப் பின்னால் வைத்துக் கட்டினான். கயிற்றை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். வண்டியில் ஏறியவன் உடனே போகவில்லை. ரோட்டைப் பார்த்தபடி சொன்னான்.

"சிபானாவக் கல்பிட்டிப் பள்ளிக்கூடத்துக்கு மாத்திட்டன். அங்க ஒருத்தரும் கத்துறல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றேன்.

போய்விட்டான். ஸாஜிதாவை ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். போன் எடுத்து, அவசரமில்லை, பொழுதுபட்டு மஃரிப் தொழுதுவிட்டு ஆறுதலாக வா என்று சொன்னேன்.